பன்னிரண்டு நிமிட வெயில்

பிள்ளை,

உன் கல்யாண அழைப்பிதழின் முதல் அச்சுப் பிரதி திங்கட்கிழமை பின்னேரம் வந்தது. பிழை திருத்தி வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும் என்றார்கள். உன் பெயர் சரி. ரவியின் பெயர் சரி. முகூர்த்த நேரமும் சரி. உன் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தது. அச்சகத்தின் பிழை என்று நினைத்து, நீ எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். உன் உருண்டைக் கையெழுத்தில் அந்தச் சொல் அங்கே இருந்தது. கொழும்பிலிருந்து போன கிழமை நீ எழுதிய கடிதத்தின் கடைசி வரி அப்போதுதான் விளங்கியது. “கார்ட்டில நான் எழுதினதை மாத்தாதேங்கோ அம்மா, ஒரு சொல்லுத்தானே.” ஒரு சொல்தான். அதை விடுவதா வெட்டுவதா என்று முடிவு செய்ய எனக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளையும், அதற்கு முந்திய பதினெட்டு வருடத்தில் நான் உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றையும் இப்போது எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன், இருவரும் ஒரே கதையைத்தான் வைத்திருக்கிறோமா என்று பார்க்க. அப்பா கடற்படைத் தளத்தின் வரைபட அலுவலகத்தில் வேலை செய்தார். கப்பல்களின், பாலங்களின் வரைபடங்களை நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாகப் பிரதி எடுப்பது அவர் வேலை. தளம் வெள்ளைக்காரரிடமிருந்து கை மாறியபோது அந்த அலுவலகத்தை மூடினார்கள். வேலை போன அன்று ஒரு கண்ணாடிச் சட்டமும், நீளமான தாள் சுருள் ஒன்றும், இரண்டு தகரத்தில் உப்பும் கொண்டுவந்தார். ஒரு தகரத்தில் பச்சை உப்பு, மற்றதில் சிவப்பு. “கடலில கொட்டச் சொன்னவங்கள். நீர் கெமிஸ்ட்ரி ரீச்சர், உமக்கு உதவும் எண்டு கொண்டந்தனான்” என்றார். பிறகு கிடைத்த வேலைகளைச் செய்தார். உனக்கு நாலு வயதாக இருந்தபோது, தேயிலை ஏற்ற வந்த கப்பல் ஒன்றில் ஆறு மாதம் என்று ஏறினார். நம் வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படத்தைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். சில மாதம் கடிதம் வந்தது. பிறகு கப்பல் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம்: பிரான்ஸ் தேசத்துத் துறைமுகம் ஒன்றில் அவர் தன் விருப்பத்தில் இறங்கினார், திரும்ப ஏறவில்லை. அவ்வளவுதான். செத்தார் என்ற செய்தியும் இல்லை. இருக்கிறார் என்ற செய்தியும் இல்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தகப்பன் தொழில் என்ற கோட்டில் நீ ‘கடலில் இறந்துவிட்டார்’ என்று எழுதினாய். உன் வகுப்பாசிரியை அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வைத்தேன். ஆகவே உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பொய்க்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

அவர் கொண்டுவந்த உப்புகளோடுதான் நான் படம் பிடிக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை வெயில் படம் என்பார்கள். கமரா தேவையில்லாத படம். கமராவே பெரிய புதுமையாக இருந்த காலத்தில், நூறு வருடத்துக்கும் முன்னால், கடற்பாசிகளை இப்படித்தான் படம் பிடித்திருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோது வாசித்திருக்கிறேன். இரண்டு உப்பையும் கரைத்துக் கலந்து, இருட்டறையில் தாளில் பூசி உலர்த்த வேண்டும். தாளின்மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் விட வேண்டும். பிறகு கிணற்றுத் தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடமெல்லாம் நீலம். பொருள் இருந்த இடம் வெள்ளை. ஒரு பொருள் இருந்தது என்பதை, அது மறைத்த இடத்தால் மட்டும் காட்டுகிற படம். முகம் வராது, நிறம் வராது. அளவு மட்டும் பிசகாமல் வரும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள், உனக்கு நினைவிருக்கலாம். அப்போது நீ சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாய். புருஷன் இறந்து, வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் முடிந்திருந்தது. அவளுடைய மகளுக்கு நான் படிப்பித்தேன், அந்தப் பழக்கத்தில் வந்தாள். கைலேஞ்சியில் ஒரு மூக்குக் கண்ணாடியை முடிந்து கொண்டுவந்திருந்தாள். “மனிசன் உசிரோட இருக்கக்குள்ள ஒரு படம் எடுக்க உட்டதில்ல ரீச்சர். இப்ப எடுத்தா அவருக்குக் கோவம் வரும். முகம் வேணாம். இது போதும்” என்றாள். கண்ணாடியைத் தாளில் வைத்து வெயிலில் விட்டேன். அலசி எடுத்தபோது சட்டம் வெள்ளைக் கோடாக வந்தது. வில்லைகளுக்குள்ளே வெயில் புகுந்திருந்ததால் இரண்டு வட்டமும் நீலம். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். “உள்ளுக்குக் கடல் கிடக்கு. தோணிக்காரன்தானே” என்று சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு பலர் வந்தார்கள். சீப்பு, குழந்தைச் சட்டை, வலை பின்னுகிற ஊசி, ஒற்றைச் செருப்பு. இறந்தவர்களுடையதும், தூரம் போனவர்களுடையதும். யாருடையது எது என்று நான் கேட்பதில்லை. தாளுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

ஆனால் முதல் வெயில் படம் இவை எதுவும் அல்ல. அது அப்பாவும் நீயும்.

கப்பலேற இரண்டு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அந்த உப்பில என்னை ஒருக்காப் பிடியும்” என்றார். கிணற்றடிச் சீமெந்துத் தரையில், பூசி உலர்த்திய தாளை ஆள் நீளத்துக்கு விரித்தோம். நடு மத்தியானம். சாரத்தோடு அதன்மேல் மல்லாந்து படுத்தார். “பன்னிரண்டு நிமிசம் அசையக் கூடாது. மூச்சும் மெல்ல விடுங்கோ” என்றேன். “அப்ப சாகச் சொல்லுறீர்” என்றார். நீ அவர் பக்கத்தில் வந்து, அவரைப் போலவே கை காலை நீட்டிப் படுத்தாய். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது நிமிடத்தில் ரோட்டில் ஐஸ்பழக்காரனின் மணி கேட்டது. நீ எழும்பி ஓடினாய். “நானும் போகட்டோ?” என்றார், உதடு அசையாமல். “அசையாதேங்கோ” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, வேர்வை காதுக்குள் இறங்க இறங்க, மிச்சம் ஏழு நிமிடமும் கிடந்தார். தாளை அலசினோம். கடைசிவரை கிடந்தவர் வெள்ளை. பாதியில் எழும்பினவள் இளநீலம், அவருடைய இடது கையோடு ஒட்டிக்கொண்டு. “பாரும், இவள் புகை மாதிரி” என்று அவர் சிரித்தார். இரண்டு மாதத்தில் வெள்ளையாய் வந்தவர் போனார். புகை மாதிரி வந்தவள் என்னோடு இருந்தாள். படங்களில் சகுனம் பார்க்கக் கூடாது என்பதை அப்படித்தான் அறிந்துகொண்டேன்.

இப்போது நான் சொல்லாமல் விட்டது. அந்தப் படம் மழை ஒழுக்கில் அழிந்தது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். மழை அல்ல. கம்பெனிக் கடிதம் மார்கழியில் வந்தது. தைப் பொங்கலுக்கு எல்லோரையும் போல நாமும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முன் அறைச் சுவரில் படத்தை மாப்பசை பூசி ஒட்டினேன். மூன்றாம் நாள் நீலம் வெளிறத் தொடங்கியது. ஒரு கிழமையில் தாள் முழுவதும் பழுப்பேறிய மஞ்சள். நீயும் இல்லை, அவரும் இல்லை. அந்த நீலத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. எந்தக் காரமும் ஆகாது, சவர்க்காரம்கூட ஆகாது. வகுப்பில் கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப்போட்டு, பிள்ளைகளிடம் கேள்வியும் கேட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. ஒட்ட முந்தி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

கோபம்தான். வேறு பெயர் அதற்கு இல்லை. சண்டை பிடிக்க ஆள் முன்னால் இல்லாதபோது, ஆள் கிடந்த இடத்தோடு சண்டை பிடித்தேன். அதில் நீயும் இருந்தாய் என்பது வெளிறின பிறகுதான் உறைத்தது. நீ அந்த மஞ்சள் தாளைப் பார்த்து, “மழையில அப்பா நனைஞ்சு போனாரோ?” என்று கேட்டாய். ஓம் என்றேன். மூன்றாம் வகுப்பில் அவரைக் கடலில் இறக்கவிட்டது யார் என்று இந்தக் கிழமை யோசித்துப் பார்த்தேன். முதல் தண்ணீரை ஊற்றினது நான்.

அழித்த பிறகு ஆறுதல் வரவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு வெறுந்தாள் இருந்தது, நான் அதைக் கடந்து குசினிக்குப் போனேன், வந்தேன். ஒரு மாதத்தில் உரித்துச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டேன்.

திங்கட்கிழமை ‘காலஞ்சென்ற’ என்பதை வாசித்ததும் அந்தச் சுருளை இறக்கினேன். நிறம் போனாலும் தாளிலிருந்து இரும்பு போவதில்லை. அது எனக்கு எப்போதும் தெரியும். செய்து பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். உன்னைக் குளிப்பாட்டிய பெரிய தகரத் தொட்டியில், ஒட்டியிருந்த சுண்ணாம்பு போகும்வரை தாளை அலசினேன். இரண்டு இடத்தில் கிழிந்தது. பிறகு அரை இறாத்தல் தேயிலையைக் கறுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு ஊற்றினேன். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடிக்கும். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஓரங்களில் மண்ணிறம் தெரிந்தது. ஒரு மணித்தியாலத்தில் தாள் முழுவதும் இருண்டு, நடுவில் அவர் எழும்பி வந்தார். நீலம் திரும்பாது. அது போனது போனதுதான். இது வேறு படம், பழைய கடுதாசி நிறத்தில். தோள் அகலம் சரியாக இருந்தது. இடது கால் பெருவிரல் மற்றதைவிடக் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. அவர் அப்படித்தான் படுப்பார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பக்கத்தில் நீ, இப்போது புகை மாதிரி அல்ல, பால் ஊற்றின தேத்தண்ணி நிறத்தில். நான் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சிரித்தேன். அழுவேன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு தடவை அவரை அழித்துப் பார்த்தவள் நான். அச்செழுத்தால் இன்னொரு தடவை அழிக்க எனக்கு ஏலாது என்று அங்கேதான் தீர்மானித்தேன்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது. அதை நீ யோசித்திருக்க மாட்டாய். பதினெட்டு வருடமாக நான் பொட்டு வைக்கிறேன், தாலி போட்டிருக்கிறேன். செய்தி வராதபடியால். கார்ட்டில் அந்தச் சொல் ஏறினால், உன் கல்யாணத்தன்று நான் வெறும் நெற்றியோடு கடைசி வரிசைக் கதிரையில் இருக்க வேண்டும். உன் மணவறைக்குக் கிட்ட வர ஏலாது. உன்னை வாழ்த்தி முதல் அறுகரிசி போட ஏலாது. பெரியம்மா போடுவா. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகளுக்குத் தாயின் பொட்டு கண்ணில் படுவதில்லை. ஆனால் இதற்காக மட்டும் நான் வெட்டவில்லை என்று சொன்னால் நீ நம்ப வேண்டும். இதற்காகவும்தான் என்பதையும் நம்ப வேண்டும்.

ரவியின் வீட்டாருக்கு நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லைத் தன்னிச்சையாக வெட்டிவிட்டு இருக்க முடியாது. கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பயமும் இருந்தது. மறைக்க மாட்டேன், நல்ல பயம். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஓர்ஸ் ஹில்லில் ரவியின் வீட்டுக்கு நடந்து போனேன், படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு. ரவியின் அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. உள்ளே அழைத்து இருத்தினா. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவ மிளகாய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தா.

“மூண்டு கிழமை கிடக்கு. இப்ப வந்து அந்தாள் சாகேல்ல எண்டுறியள்.”

“செத்தாரோ எண்டு எனக்குத் தெரியாது அக்கா. அதைத்தான் சொல்லுறன்.”

“தெரியாது எண்டு கார்ட்டில அடிக்க ஏலுமோ?”

“ஏலாது.”

“பின்ன?”

“ரவிக்கு நீங்கள்தான் பக்குவமாச் சொல்ல வேணும். பிள்ளை பயத்தில மறைச்சிட்டாள்” என்றேன்.

அவ சிரிக்கத் தொடங்கினா. வயிறு குலுங்குகிற சிரிப்பு. “ரீச்சர், அவன் துறைமுகத்தில வேலை செய்யிறவன். உங்கட மனிசன் கப்பலேறின கதை அங்க கதிரை மேசைக்கும் தெரியும். பொம்பிளை பாக்க வர முந்தியே எங்களுக்குத் தெரியும்.”

“பின்ன ஏன் ஒருத்தரும் கேக்கேல்ல?”

“அவன் விடேல்ல. ‘அவ தானாச் சொல்லுவா, அதுமட்டும் வாயைத் திறக்காதேங்கோ அம்மா’ எண்டவன். எட்டு மாசம். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது என்ர பிறவியிலேயே இதுதான் முதல் தரம்.”

பிறகு படத்தை விரிக்கச் சொன்னா. நிலத்தில் விரித்தேன். “இதென்ன, தேத்தண்ணி மணக்குது” என்றா. குனிந்து, அப்பாவின் தோளிலிருந்து கால்வரை விரலை ஓடவிட்டா. “நெடுவல் ஆள்.” அதற்குப் பிறகு நிமிர்ந்து, மாலையும் சின்ன மின்விளக்கும் போட்டுச் சுவரில் இருக்கிற தன் புருஷனின் படத்தைப் பார்த்தா. மார்பளவுப் படம், எண்ணெய் வைத்து வாரிய தலை. “எங்கட வீட்டில முகம் கிடக்கு. ஆள் எவ்வளவு நீளம் எண்டு மறந்துபோனன், ரீச்சர். மறந்தது இப்பதான் தெரியுது.” அவருடைய பழைய வேட்டி ஒன்று இருந்தால் தாங்கோ என்று மட்டும் சொன்னேன். மடிப்புக் கலைக்காமல் இரண்டு எடுத்துத் தந்தா. “எது நல்லா வரும்?” என்று கேட்டா, துணிக்கடையில் கேட்பதுபோல்.

போக எழும்பியபோது, “பேரை மட்டும் போடுங்கோ. முன்னுக்கு ஒண்டும் வேண்டாம். கதைக்கிற ஆக்கள் கதைக்கட்டும், அதுக்குத்தானே கலியாணத்துக்கு வருகினம்” என்றா. “நீங்கள் முன்னுக்கு நிண்டு எல்லாத்தையும் செய்யுங்கோ. நான் பின்னால கதிரையில இருப்பன்.”

“நீங்கள் நிண்டாத்தான் நானும் நிப்பன்.”

“விசரே? ஊர் என்ன சொல்லும்?”

“கதைக்கத்தானே வருகினம்.”

என் கையில் ஓங்கி ஒரு அடி போட்டா. வலித்தது. அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே அன்றைக்கு உனக்கும் ரவிக்கும் முதல் அறுகரிசி போட இரண்டு பேர் வருவோம், பொட்டு வைத்த ஒருத்தியும் வைக்காத ஒருத்தியும். நீ ஐயரைப் பார்க்காதே. அவருக்கு நான் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் கோணினார், பிறகு நேரத்துக்கு வாருங்கோ என்றார்.

இன்று காலை அச்சகத்துக்குப் போனேன். அங்கே அச்சுக் கோர்க்கிறவர் என்னிடம் படித்தவர், கணிதம் நன்றாகச் செய்வார், கெமிஸ்ட்ரி ஏறாது. “மாப்பிள்ளையின்ர அப்பாவுக்கு முன்னால கிடக்கிற சொல்லும் போகட்டோ ரீச்சர்?” என்று கேட்டார். “அது நிக்கட்டும், அது உண்மை” என்றேன். சிறு இடுக்கியால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெட்டியில் போட்டார். நான் நின்று பார்த்தேன். காலும் கொம்பும் தனித்தனி அச்சு என்பதால் சரியாக எட்டு. “இடைவெளி விழுது, என்ன போட?” “ஒண்டும் போட வேண்டாம். பேரை முன்னுக்கு நகர்த்துங்கோ.” நகர்த்தினார். அழகாகத்தான் இருந்தது.

ரவியிடம் நீயே சொல். அவனுக்குத் தெரியும் என்பது இப்போது உனக்கும் தெரியும். இருந்தாலும் சொல். தெரிந்த ஒன்றை உன் வாயால் கேட்பதற்காக எட்டு மாதம் பொறுத்திருப்பவன் நல்ல துணை என்று நினைக்கிறேன். நான் அவ்வளவு பொறுமைசாலி அல்ல. ஈரச் சுவரில் படம் ஒட்டினவள். உனக்கு யாரிலாவது கோபம் வந்தால் ஆளோடு நேரே சண்டை பிடி. மறைந்து போனவர்களையும் அவர்களுடைய பொருட்களையும் விட்டுவிடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. இருட்டறையில் இரண்டு வேட்டி அளவுக்குத் தாள் பூசி உலர்ந்துகொண்டிருக்கிறது, நாளைக்கு நல்ல வெயில் வரும் போல இருக்கிறது.

கார்ட்டுகள் செவ்வாய்க்கிழமை கிடைக்கும், நீ வியாழக்கிழமை வருகிறாய். முதல் கார்ட் கோயிலுக்கு. இரண்டாவதை எடுத்து வைக்கிறேன். கப்பல் கம்பெனி அன்றைக்கு எழுதியபோது, அந்தத் துறைமுகத்தில் கடலோடிகள் தங்குகிற விடுதி ஒன்றின் விலாசத்தையும் போட்டிருந்தார்கள். ஒருபோதும் நான் அங்கே எழுதவில்லை. செத்த ஆளென்று அச்சடித்த கார்ட்டை ஒருவருக்கு அனுப்ப ஏலாது. இதை அனுப்பலாம். வருவார் என்பதற்காக அல்ல. அந்த விடுதி இப்போது இருக்கிறதோ என்றுகூடத் தெரியாது. பெண்ணின் தகப்பனுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்தோம் என்று இருக்கக் கூடாது. வெளிநாட்டு முத்திரை வாங்கி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். விலாசம் எழுதவில்லை. அதை நீ வந்து எழுது. எழுத மனம் வராவிட்டால் சொல், நான் எழுதுகிறேன்.

அம்மா